டூல் உள்ள இறங்குறதும் இடம் மாறுறதும்: மில்லிங் கேம்ல லிங்க்கிங், லீட்-இன், ராம்ப் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

மூணு ஆக்ஸிஸ் விஎம்சிக்கு (கம்ப்யூட்டர் ஓட்டுற செங்குத்து மில்லிங் மெஷினுக்கு) ப்ரோக்ராம் எழுதுறவங்க, புதுசா ஃப்யூஷன் கத்துக்கிற பசங்க, செட்டிங் பாக்குற ஆபரேட்டருங்க எல்லாரும் திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். நான் தினமும் ஓட்டுற கேம் சாஃப்ட்வேர் (மெஷினுக்கு டூல் பாதை போட்டுக் குடுக்கிறது) ஃப்யூஷன், பழைய பேரு ஃப்யூஷன் 360, அப்பப்போ மாஸ்டர்கேம், என்எக்ஸ். அதனால பட்டன் பேரு பெரும்பாலும் ஃப்யூஷன்ல இருக்கிறதா இருக்கும், ஆனா விஷயம் எந்த சாஃப்ட்வேர்லயும் ஒண்ணுதான். மாஸ்டர்கேம்ல "லிங்க்கிங் பாராமீட்டர்ஸ்"னு இருக்கும், என்எக்ஸ்ல "நான்-கட்டிங் மூவ்ஸ்", பவர்மில்ல "லீட்ஸ் அண்ட் லிங்க்ஸ்". வெட்டாத நேரத்துல டூல் எப்படி நடமாடணும்னு சொல்ற பக்கம்தான் எல்லாமே. லிங்க்கிங்னா ஒரு வெட்டு முடிச்சு அடுத்த இடத்துக்குப் போறது, லீட்-இன்னா வெட்டுக்குள்ள நுழையுற பாதை, பிளன்ஜ்னா நேரா குத்தி இறங்குறது, ராம்ப்னா சாய்வா இறங்குறது, ஹெலிக்ஸ்னா சுருளா சுத்தி இறங்குறது. எல்லாரும் ஸ்பீடு, ஃபீட் (வெட்டும்போது டூல் நகர்ற வேகம்), ஸ்டெப்ஓவர் (வெட்டுக்கு வெட்டு பக்கவாட்டுல தள்ளுற அளவு)னு மண்டைய உடைச்சுக்குவாங்க, இந்தப் பக்கத்தை மட்டும் திறந்துகூட பாக்க மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் டூல் உடைஞ்சதுல பாதிக்கு மேல வெட்டிட்டு இருக்கும்போது உடையல, உள்ள இறங்கும்போதோ இடம் மாறும்போதோதான் உடைஞ்சிருக்கு.

கிளியரன்ஸ் ஹைட், ரிட்ராக்ட் ஹைட், ஃபீட் ஹைட்... எதுக்கு இத்தனை உயரம்? எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா என்ன?

ஒவ்வொண்ணுக்கும் தனி வேலை இருக்கு. கிளியரன்ஸ்ங்கிறது ஆபரேஷன் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் டூல் நிக்கிற உயரம். கிளாம்ப், வைஸ், போல்ட் தலை எல்லாத்துக்கும் மேல அது இருக்கணும். ரிட்ராக்ட், ஒரே ஆபரேஷனுக்குள்ள ஒரு பாஸ் முடிச்சு அடுத்த பாஸுக்கு தூக்கிட்டுப் போற உயரம். ஃபீட் ஹைட் வரைக்கும் ரேபிட்ல (வெட்டாம முழு வேகத்துல) இறங்கலாம், அதுக்குக் கீழ ஃபீட்லதான் இறங்கணும். டாப்பும் பாட்டமும் வெட்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சொல்லுது.

ஃப்யூஷன்ல நீங்க எதையும் தொடலைன்னா ரிட்ராக்ட் ஸ்டாக் (வெட்டுறதுக்கு முன்னாடி இருக்கிற முழு மெட்டீரியல்) டாப்புக்கு மேல 5 மிமீ, கிளியரன்ஸ் அதுக்கும் மேல 10 மிமீ. அதாவது ஸ்டாக்குக்கு மேல மொத்தமா 15 மிமீதான். பிளேட்டை வைஸ்ல பிடிச்சிருந்தா இது தாராளமா போதும். ஸ்ட்ராப் கிளாம்ப் போட்டு ஸ்டட் மேல 25 மிமீ நீட்டிட்டு நின்னா? சாஃப்ட்வேருக்கு அந்த ஸ்டட் இருக்கிறதே தெரியாது, நீங்க ஃபிக்ஸ்சரா மாடல் பண்ணி செட்டப்ல சேர்த்தாதான் தெரியும். நான் வேலை கத்துக்கிட்ட ஷாப்ல 16 மிமீ கார்பைட் என்ட்மில் ஒண்ணு இப்படித்தான் போச்சு. ப்ரோக்ராம் சரி, டூல் சரி, ஸ்டாக் சரி, கிளாம்ப் மட்டும் மறந்து போச்சு. அன்னைல இருந்து செட்டிங் பண்றவர்கிட்ட "அண்ணா, மேல எவ்ளோ நீட்டிட்டு இருக்கு, ஸ்கேல் வச்சு அளந்து சொல்லுங்க"ன்னு கேட்டுட்டுதான் கிளியரன்ஸ் போடுறேன்.

இன்னொரு விஷயம், உயரத்தை எதுல இருந்து அளக்குறீங்கன்னு பாருங்க, மாடல் டாப்பா ஸ்டாக் டாப்பா. ஸ்டாக் மாடலை விட 3 மிமீ உசரமா இருக்கும்போது ஃபீட் ஹைட்டை மாடல் டாப்புல இருந்து 2 மிமீன்னு போட்டா, டூல் ரேபிட்லயே 1 மிமீ மெட்டீரியலுக்குள்ள போயிடும். ஃபேஸிங் முடிஞ்ச பிறகு ஓடுற ஆபரேஷன்னா பிரச்சினை இல்ல, ஃபேஸிங்கை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுனா போச்சு.

ஃபீட் ஹைட் எவ்ளோ வைக்கலாம்? 5 மிமீ ரொம்பவா?

ஒரு தடவை இறங்குறதுக்கு ரொம்ப இல்ல. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, பிளன்ஜ் ஃபீட் நிமிஷத்துக்கு 250 மிமீன்னா 5 மிமீ இறங்க 1.2 செகண்ட். ஒரு ஜாப்ல 400 தடவை இறங்குதுன்னா 8 நிமிஷம் வெறும் காத்துல இறங்குது. அதையே 1 மிமீ ஆக்குனா ஒன்றரை நிமிஷம். டூல் லெங்த் ஒழுங்கா எடுத்திருக்கீங்க, ஸ்டாக் உயரம் நம்பிக்கையா தெரியும்னா 1 மிமீ போடலாம். காஸ்டிங், ஃபோர்ஜிங், கேஸ் கட்டிங் பண்ணி வந்த பிளேட்டுன்னா போடாதீங்க, அதோட மேல்பரப்பு எங்க இருக்கும்னு அதுக்கே தெரியாது. அங்க 5 மிமீ இருக்கட்டும், நேரம் போனா போகட்டும்.

சிமுலேஷன்ல ஒண்ணுமே இடிக்கல, மெஷின்ல கிளாம்ப்பை இடிச்சிருச்சு. ஏன்?

முதல் காரணம் மேல சொன்னதுதான், கிளாம்ப் மாடல்ல இல்ல. ரெண்டாவது காரணம் நிறைய பேருக்குத் தெரியாது. ஜி0 (ரேபிட் நகர்வுக்கான கோட்) எல்லா மெஷின்லயும் நேர்கோட்ல போகாது! ஒவ்வொரு ஆக்ஸிஸும் தன்னோட முழு வேகத்துல ஓடும், எது முதல்ல முடியுதோ அது நின்னுடும், மீதி மட்டும் தொடர்ந்து போகும். எக்ஸ் 0 ஒய் 0ல இருந்து எக்ஸ் 300 ஒய் 100க்கு ஜி0 குடுத்தா, ரெண்டு ஆக்ஸிஸுக்கும் ஒரே ரேபிட் வேகம்னு வச்சுக்குங்க, முதல்ல 45 டிகிரில எக்ஸ் 100 ஒய் 100க்குப் போயிட்டு அங்க இருந்து எக்ஸ் மட்டும் 300 வரைக்கும் போகும். நாய்க்கால் மாதிரி மடங்கி இருக்கும் அந்தப் பாதை. சாஃப்ட்வேர் ஸ்கிரீன்ல நேர்கோடுதான் காட்டும். எக்ஸ் 120 ஒய் 95ல ஒரு கிளாம்ப் இருந்தா ஸ்கிரீன்ல பாதைக்கு வெளிய தள்ளி நிக்கும், மெஷின்ல பாதை மேலயே நிக்கும்.

ஃபானுக் கன்ட்ரோல்ல (மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டர்) 1401வது பாராமீட்டர்ல எல்ஆர்பி பிட்டை 1 ஆக்குனா ரேபிட் நேர்கோட்ல போகும். பாராமீட்டர்ல கை வைக்க விடமாட்டாங்கன்னா ஃப்யூஷன்லயே லிங்க்கிங் டேப்ல "ஹை ஃபீட்ரேட் மோட்"னு ஒண்ணு இருக்கு. அதுல செங்குத்தாவோ கிடையாவோ மட்டும் போற ரேபிட்டை ஜி0வாவும், சாய்வா இறங்குறதை ஜி1ல (ஃபீட் வேகத்துல போற கோட்) அதிவேக ஃபீட்லயும் போட வைக்கலாம். எல்லாத்தையும் ஜி1 ஆக்குறதும் உண்டு, அப்போ ஜி1 எப்பவும் நேர்கோடுங்கிறதால ஸ்கிரீன்ல பாத்ததும் மெஷின்ல நடக்குறதும் ஒண்ணாயிடும். நெருக்கமான ஃபிக்ஸ்சர்ல நான் இப்படித்தான் போடுவேன்.

ஃப்ரீ ஃப்யூஷன்ல ரேபிட் ஏன் ஆமை மாதிரி போகுது?

மெஷின்ல தப்பு இல்ல, போஸ்ட்லயும் (டூல் பாதையை மெஷின் கோடா மாத்துற ப்ரோக்ராம்) தப்பு இல்ல. 2020 அக்டோபர்ல இருந்து பர்சனல் யூஸ் லைசென்ஸ்ல ஜி0வை எடுத்துட்டாங்க, ரேபிட் எல்லாம் கட்டிங் ஃபீட்லயே ஜி1ஆ வெளிய வரும். படிக்கிறதுக்கு, வீட்ல சின்ன ரௌட்டர் ஓட்டுறதுக்கு இது போதும். அப்படி ஓட்டுறவங்களுக்கு கீழ நான் சொல்லப்போற "டூலைத் தூக்காம வச்சுக்கிறது" ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு தடவை தூக்குறதும் ஃபீட் வேகத்துல நடக்கும், நேரம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆயிடும்.

என்ட்மில் சென்டர் கட்டிங்தான (நடு வரைக்கும் வெட்டுற விளிம்பு இருக்கே), நேரா பிளன்ஜ் பண்ணா என்ன தப்பு?

பண்ண முடியும், பண்ணக்கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா டூலோட நடு மையத்துல வெட்டு வேகம் பூஜ்யம். எத்தனை ஆயிரம் ஆர்பிஎம்ல சுத்துனாலும் நடுப்புள்ளி நின்ன இடத்துலயேதான் நிக்குது, அங்க மெட்டீரியலை வெட்டல, அழுத்தி நசுக்குது. டிரில்லுக்கு சிப்ஸை மேல தள்ளுறதுக்குன்னே வடிவம் குடுத்திருக்காங்க, என்ட்மில்லுக்கு அப்படி இல்ல, சிப்ஸ் அடியில சிக்கிக்கும். அலுமினியம்னா ஃப்ளூட்ல ஒட்டிக்கும், ஒட்டுன அடுத்த செகண்ட் டூல் போச்சு. மேலோட்டமா 0.5 மிமீ, 1 மிமீ ஆழம்னா மெதுவா பிளன்ஜ் பண்ணலாம், நானும் பண்ணிருக்கேன். அதுக்கு மேலன்னா ராம்ப்போ ஹெலிக்ஸோ போடுங்க.

இன்சர்ட் கட்டர்ல (மாத்திப் போடுற கார்பைடு துண்டு வச்ச கட்டர்) பிளன்ஜ் பேச்சே கிடையாது, பிளன்ஜுக்குன்னு செஞ்ச கட்டரைத் தவிர. நடுவுல வெட்டுற விளிம்பே இல்ல, பாடியே மெட்டீரியல் மேல போய் உக்காந்துடும்.

ஹெலிக்ஸ் விட்டம் எவ்ளோ, ராம்ப் ஆங்கிள் எவ்ளோ? ஒரு நம்பர் சொல்லுங்களேன்.

சொல்றேன், ஆனா ஏன்னு புரிஞ்சுக்கிட்டு போடுங்க. 10 மிமீ என்ட்மில் எடுத்துக்கலாம். ஹெலிக்ஸ்ல இறங்கி வர்ற குழி 17 மிமீன்னா டூல் சென்டர் சுத்துற வட்டம் 7 மிமீ. அந்த வட்டத்தோட சுற்றளவு கிட்டத்தட்ட 22 மிமீ. 2 டிகிரில இறங்குனா ஒரு சுத்துக்கு 0.77 மிமீ, 3 டிகிரின்னா 1.15 மிமீ இறங்கும். இப்படி ஒரு சுத்துக்கு எவ்ளோ ஆழம்னு கணக்கு போட்டுப் பாத்தாதான் டிகிரிங்கிறது கைக்குப் பிடிபடும். சாஃப்ட்வேர்ல வெறும் 2, 3ன்னு பாத்தா சின்னதா தெரியும், ஹெலிக்ஸ் பெருசாக ஆக அதே டிகிரில ஒரு சுத்துக்கு இறங்குற ஆழமும் ஏறிட்டே போகும். நான் அலுமினியத்துக்கு 3ல இருந்து 5, ஈஎன்8 மாதிரி ஸ்டீலுக்கு 2 சுத்தி, ஹார்டன் பண்ணதுக்கு 1 அல்லது அதுக்கும் கீழன்னு வச்சுக்கிறேன். இன்சர்ட் கட்டர்னா நம்ம இஷ்டம் கிடையாது, அந்த கட்டரோட கேட்டலாக்ல அதிகபட்ச ராம்ப் ஆங்கிளும் ஹெலிக்ஸ் போடலாம்ங்கிற குழியோட குறைஞ்ச, கூடின விட்டமும் குடுத்திருப்பாங்க, அதைத் தாண்டாதீங்க.

குழியோட விட்டத்தை டூல் விட்டத்துல ஒன்றரையில இருந்து 1.8 மடங்குக்குள்ள வச்சுக்குங்க. ரெண்டு மடங்கைத் தாண்டுனா நடுவுல தூண் மாதிரி ஒண்ணு மிச்சம் நிக்கும். 10 மிமீ டூலை 12 மிமீ வட்டத்துல சுத்தவிட்டா குழி 22 மிமீ, நடுவுல 2 மிமீ தடிமன்ல ஒரு குச்சி நிக்கும், அடுத்த பாஸ்ல டூல் உள்பக்கம் நகரும்போது அந்தக் குச்சி உடைஞ்சு ஃப்ளூட்டுக்குள்ள போகும். ரொம்ப சின்ன ஹெலிக்ஸ்னா அது பிளன்ஜ் மாதிரிதான், பேருக்கு சுத்துது. அதுவும் நடு வெட்டாத கட்டரா இருந்தா அந்த வெட்டாத இடம் மெட்டீரியல் மேல தேய்க்கும். ஃப்யூஷன்ல அதிகபட்ச ஹெலிக்ஸ் விட்டம், குறைஞ்சபட்ச விட்டம்னு ரெண்டு கட்டம் தனித்தனியா இருக்கிறதுக்குக் காரணமே இந்த ரெண்டு ஆபத்துதான்.

இன்னொண்ணு, ஹெலிக்ஸ்ல ஃபீட் டூல் சென்டருக்குத்தான் குடுக்குறோம். வெளி விளிம்பு அதைவிட வேகமா போகும். 17 மிமீ குழி, 7 மிமீ வட்டம்னா விளிம்பு வேகம் 17ஐ 7ஆல வகுத்த அளவு, அதாவது ரெண்டரை மடங்குக்கு கொஞ்சம் கம்மி. விளிம்புல 1000 வேணும்னா சென்டர்ல 410தான் குடுக்கணும். ராம்ப் ஃபீட்னு தனியா ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல இந்தக் கணக்குல போடுங்க. கட்டிங் ஃபீட்டையே அப்படியே அங்க காப்பி பண்ணி வைக்கிறதாலதான் "வெட்டும்போது அமைதியா இருக்கு, இறங்கும்போது மட்டும் கத்துது"ங்கிற புகார் வருது.

இடம் நீளமா இருக்கு, அகலம் கம்மி. அப்போ?

கீவே, ஸ்லாட் மாதிரி இடத்துல ஹெலிக்ஸ் போட இடம் இருக்காது. ஜிக்-ஜாக் ராம்ப் போடுங்க, இல்லன்னா ப்ரொஃபைல் ராம்ப். 3 டிகிரில 2 மிமீ இறங்க 38 மிமீ நீளம் வேணும். ஸ்லாட் அவ்ளோ நீளம் இல்லன்னா முன்ன பின்ன போயிட்டு வந்து இறங்கும், ஒவ்வொரு திரும்புற முனையிலயும் டூல் ஒரு நொடி நின்னு திசை மாறும், அந்த இடத்துல தேய்மானம் கூட. ப்ரொஃபைல் ராம்ப் அப்படி இல்ல, வடிவத்தையே சுத்திச் சுத்தி இறங்கிட்டே இருக்கும், எங்கயும் நிக்காது. மூடின வடிவத்துக்கு நான் முதல்ல அதைத்தான் பாப்பேன்.

ப்ரீ-டிரில் பண்ணி அந்த ஓட்டைல இறக்குறது நல்லதா?

ஆழமான பாக்கெட்டுக்கு, கெட்டியான ஸ்டீலுக்கு நல்ல வழி. 10 மிமீ என்ட்மில்லுன்னா 11 மிமீ டிரில். ஆனா ஒரு இடத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. டிரில் முனை கூம்பா இருக்கும், 118 டிகிரி டிரில்லுன்னா கூம்போட உயரம் விட்டத்துல கிட்டத்தட்ட 0.3 பங்கு, அதாவது 11க்கு 3.3 மிமீ. பாக்கெட் அடியில அடையாளம் விழக்கூடாதுன்னு முனையை 0.3 மிமீ மேலயே நிறுத்துனா, முழு விட்டம் இருக்கிறது அடியில இருந்து 3.6 மிமீ மேலதான். என்ட்மில் காத்துல இறங்குறதா நெனச்சு வேகமா விட்டா அந்தக் கடைசி மூணரை மிமீல கூம்புல போய் மோதும். அங்க வரைக்கும் மட்டும் வேகமா விட்டுட்டு மிச்சத்தை மெதுவா இறக்குங்க. ஓட்டைக்குள்ள டிரில் சிப்ஸ் கிடக்கும், ஏர் அடிச்சு வெளிய எடுக்காம இறக்காதீங்க.

பாக்கெட்ல ஒரு மூலைய மட்டும் வெட்டாம விட்டுடுது, எரர்கூட வரல. ஏன்?

அந்த மூலைக்குள்ள நீங்க குடுத்த குறைஞ்சபட்ச ஹெலிக்ஸ் விட்டம் அடங்கல, இறங்க வழியில்லைன்னு சாஃப்ட்வேர் அந்த இடத்தையே விட்டுடுச்சு. அடாப்டிவ்ல (டூல் மேல பாரம் ஒரே அளவா இருக்கிற மாதிரி வெட்டுற பாதை) இது அடிக்கடி நடக்கும். குறைஞ்சபட்ச விட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, இல்ல ராம்ப் வகையை மாத்துங்க, இல்ல சின்ன டூல் எடுங்க. டூல்பாத் உருவாகிடுச்சேன்னு சந்தோஷப்பட்டு போஸ்ட் பண்ணிடாம, சிமுலேஷன்ல மிச்ச ஸ்டாக்கைச் சுத்திச் சுத்திப் பாருங்க. அடுத்து வர்ற ஃபினிஷிங் டூல் அந்த வெட்டாத மூலையில முழு ஆழத்துல போய் மாட்டும், அப்போ உடையுறது ஃபினிஷிங் டூல், பழி ஃபினிஷிங் பாராமீட்டர் மேல விழும்.

ஒரு பக்கம் திறந்திருக்கிற பாக்கெட். வெளிய இருந்து வராம நடுவுல குத்தி இறங்குதே?

பெரும்பாலும் ஸ்டாக் அளவு தப்பா இருக்கும். செட்டப்ல சைடுல 5 மிமீ ஸ்டாக் கூட குடுத்திருந்தா சாஃப்ட்வேருக்கு அது திறந்த பக்கமே இல்ல, சுவர்தான். உண்மையான அளவைக் குடுங்க. எல்லை கோடு போட்டிருந்தா டூல் அந்த எல்லைக்கு வெளிய போகலாமான்னு ஒரு தேர்வு இருக்கும், உள்ளயே இருக்கணும்னு வச்சிருந்தா வெளிய இருந்து வரவே முடியாது. என்ட்ரி பொசிஷன்னு ஒரு புள்ளியை நீங்களே காட்டவும் செய்யலாம். வெளிய இருந்து காத்துல இறங்கி சைடுல நுழையுறதை விட நல்ல என்ட்ரி எதுவும் இல்ல, அந்த வாய்ப்பு இருக்கிற இடத்துல ஹெலிக்ஸ் போட்டு டூல் ஆயுசை வீணாக்காதீங்க.

63 மிமீ ஃபேஸ்மில் உள்ள நுழையும்போது மட்டும் "டங் டங்"னு சத்தம், இன்சர்ட் முனை பேந்துடுது.

நேரா நுழையுறீங்க, அதான். கிளைம்ப் மில்லிங்ல பல்லு தடியா ஆரம்பிச்சு மெல்லிசா முடியணும், வெளிய வரும்போது சிப் தடிமன் பூஜ்யமா இருக்கணும். கட்டர் நேரா உள்ள வந்தா, முழுசா உள்ள போற வரைக்கும் ஒவ்வொரு பல்லும் தடியான சிப்போட மெட்டீரியலை விட்டு வெளிய வருது, பாரம் சட்டுனு விட்டுப்போற அந்த நொடிதான் கார்பைடுக்கு ஆகாத நொடி. கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது.

வழி ரெண்டு. கடிகாரம் சுத்துற திசைல ஒரு ஆர்க் போட்டு உருண்டு நுழையுற மாதிரி லீட்-இன் குடுக்கலாம், ரோல்-இன்னு சொல்வாங்க. ஆரம்பத்துல இருந்தே சிப் மெல்லிசா முடியும், சத்தமே மாறிடும், பக்கத்துல நின்னு கேட்டீங்கன்னா தெரியும். அது முடியலைன்னா கட்டர் முழுசா உள்ள போற வரைக்கும் ஃபீட்டைப் பாதியா குறைங்க. இது சான்ட்விக் கோரமன்ட்காரங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற முறை, நான் செஞ்சு பாத்து நம்புனது. ஒரு பாஸ் முடிச்சு அடுத்த பாஸுக்கு வெளிய போய் திரும்ப நுழையுறதுக்குப் பதிலா, சுத்திச் சுத்தி உள்ளயே இருந்து வெட்டுற பாதை கிடைச்சா இன்னும் நல்லது, நுழையுறதே ஒரே தடவைதான்.

சுவர்ல டூல் நுழைஞ்ச இடத்துல கோடு மாதிரி மார்க் விழுது. எப்படி போக்குறது?

சுவருக்கு செங்குத்தா நேரா போய் முட்டி அப்புறம் திசை மாறுனா, திசை மாறுற அந்த நொடில டூல் அங்க நிக்கும், வளைஞ்சிருந்த டூல் நிமிரும், மார்க் விழும். தொட்டும் தொடாம ஆர்க்ல வந்து சேரணும். 90 டிகிரி ஆர்க், டூல் ஆரத்துல கால்வாசி, அரைவாசி இருந்தா பாக்க நல்லா வரும். முடிக்கும்போது ஆரம்பிச்ச புள்ளியைத் தாண்டி 1, 2 மிமீ ஓவர்லேப் போயிட்டு வெளிய வரவிடுங்க. நுழையுற இடத்தை மூலையில வைக்காதீங்க, நீளமான நேர் சுவரோட நடுவுல வைங்க, இல்லன்னா கஸ்டமர் கண்ணுக்குப் படாத பக்கமா பாத்து வைங்க.

சின்ன போர்ல இது வேற மாதிரி. 16 மிமீ போருக்குள்ள 12 மிமீ டூல்னா சென்டர் சுத்துற ஆரமே 2 மிமீதான், லீட்-இன் ஆரம் அதைவிட சின்னதா இருந்தாதான் உள்ள அடங்கும். 3 போட்டா சாஃப்ட்வேர் லீட்-இன்னைக் கழட்டிடும் இல்ல சுருக்கிடும், நீங்க கவனிக்க மாட்டீங்க, போர்ல கோடு விழுந்த பிறகுதான் தெரியும். இந்த மாதிரி இடத்துக்கு 8 அல்லது 10 மிமீ டூலுக்கு மாறுறதுதான் ஒழுங்கான தீர்வு.

ஜி41 (டூல் ஆரத்துக்கு ஏத்த மாதிரி பாதையைத் தள்ளுற காம்பென்சேஷன்) போட்டா 34, 41னு அலாரம் வருது.

ஃபானுக்ல 34ங்கிறது காம்பென்சேஷனை ஆர்க் பிளாக்ல ஆன் பண்ணவோ ஆஃப் பண்ணவோ பாத்திருக்கீங்கன்னு அர்த்தம். ஜி41, ஜி42 (இடது, வலது பக்கம் ஆன்), ஜி40 (ஆஃப்) மூணுமே நேர்கோட்டு நகர்வுலதான் நடக்கணும். அதனால லீட்-இன்ல ஆர்க்குக்கு முன்னாடி ஒரு நேர்கோடு கட்டாயம் வேணும், லீட்-அவுட்ல ஆர்க்குக்குப் பின்னாடி ஒண்ணு.

41ங்கிறது பாதை தன்னையே வெட்டிக்குதுன்னு அர்த்தம். கன்ட்ரோல்ல முழு ஆரமும் போட்டு ஓட்டுறீங்கன்னா, 10 மிமீ டூலுக்கு டி ஆஃப்செட்ல (கன்ட்ரோல்ல டூல் ஆரம் போடுற கட்டம்) 5 இருக்கும், அப்போ நேர்கோடு 5ஐ விட நீளமா இருக்கணும், உள்பக்க ஆர்க்கோட ஆரமும் 5ஐ விடப் பெருசா இருக்கணும். அதுக்கு பாக்கெட்ல இடம் இருக்காது, அலாரம் வரும். அதனாலதான் நான் எப்பவும் வேர் மோட்ல போடச் சொல்றேன். டூல் ஆரத்தை சாஃப்ட்வேரே கழிச்சிடும், டி ஆஃப்செட்ல பூஜ்யத்துல ஆரம்பிச்சு 0.02, 0.03னு திருத்தம் மட்டும் வரும், சின்ன லீட்-இன்னே போதும். சுவர்ல ஒரு பக்கத்துக்கு 0.03 மெட்டீரியல் கூட நிக்குதுன்னா டில மைனஸ் 0.03. உங்க கன்ட்ரோல் டியை ஆரமா எடுக்குதா விட்டமா எடுக்குதான்னு ஒரு தடவை சோதிச்சு மெஷின் மேலயே எழுதி ஒட்டிடுங்க. வேர் மோட் ஜாப்புக்கு பழைய ஆபரேட்டர் பழக்கத்துல டில 5 அடிச்சுட்டார்னா ஜாப் அளவே மாறிடும், செட்டப் ஷீட்ல "வேர்"னு பெருசா எழுதுங்க.

டூலைத் தூக்கித் தூக்கி வைக்குது, பாதி நேரம் காத்துலயே போகுது. தூக்காம ஓட்டலாமா?

ஒரு அடாப்டிவ் பாக்கெட்ல 600 தடவை இணைப்பு வருதுன்னு வைங்க, ஒவ்வொண்ணும் மேல போயிட்டு வர 2 செகண்ட்னா 20 நிமிஷம். பத்து பீஸ் ஓட்டுனா மூணு மணி நேரத்துக்கு மேல. "கீப் டூல் டவுன்" ஆன் பண்ணி, எவ்ளோ தூரம் வரைக்கும் கீழயே நடக்கலாம்னு அதிகபட்ச தூரத்தைக் குடுங்க. அடாப்டிவ்ல ஸ்டே-டவுன் லெவல்னு இருக்கு, அதைக் கூட்டுனா தூக்குறதைத் தவிர்த்து சுத்தி வந்தாவது கீழயே போகப் பாக்கும். கணக்கு போட சாஃப்ட்வேருக்கு நேரம் கூட ஆகும், பரவால்ல.

ஆனா கீழயே நடக்கும்போது வெட்டி முடிச்ச தரை மேல டூல் தேய்ச்சுட்டே போகக்கூடாது. லிஃப்ட் ஹைட்னு ஒரு சின்னக் கட்டம், மாஸ்டர்கேம் டைனமிக்ல மைக்ரோ லிஃப்ட்னு பேரு, அதுல 0.2 மிமீ போட்டா போதும், அடி விளிம்பு தேயாது, தரையில வட்ட வட்டமா கீறலும் விழாது. திரும்பி வர்ற அந்த நகர்வுக்கு ஃபீட்டும் தனி, மாஸ்டர்கேம்ல பேக் ஃபீட், ஃப்யூஷன்ல வெட்டாத நேரத்து ஃபீட். அதை மெஷின் நிஜமா எட்டிப்பிடிக்கிற அளவுக்குப் போடுங்க, 10 மிமீ தூரத்துக்கு 15000 போட்டா மெஷின் வேகம் பிடிக்கிறதுக்குள்ள நிறுத்த வேண்டி வரும், வெறும் குலுக்கல்தான் மிச்சம்.

எப்பவும் தூக்காம இருக்கிறதும் சரி இல்ல. ஆழமான பாக்கெட், கூலன்ட் அழுத்தம் கம்மி, சிப்ஸ் உள்ளயே கிடக்குதுன்னா டூல் தன் சிப்ஸையே மறுபடி வெட்டும். அங்க நடுநடுவுல தூக்குனா கூலன்ட் உள்ள போய் சிப்ஸைக் கழுவி விடும். நேரத்தைப் பாக்காம தூக்கவிடுங்க.

வரிசையா ஓட்டை போடும்போது நடுவுல கிளாம்ப் இருக்கு...

ஜி98, ஜி99 வித்தியாசம்தான். ஜி99 ஆர் பிளேனுக்கு (ஓட்டைக்கு மேல ஃபீட் ஆரம்பிக்கிற உயரம்) மட்டும் தூக்கும், ஜி98 சைக்கிள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டூல் இருந்த உயரத்துக்கே தூக்கும். கிளாம்ப்பைத் தாண்டுற இடத்துல ஜி98 வேணும். சந்தேகம்னா எல்லாத்துக்கும் ஜி98 போட்டுடுங்க, ஓட்டைக்கு அரை செகண்ட் போகும், அவ்ளோதான்.

டூல் மாத்தப் போகும்போது ஜாப்ல குத்திடுச்சு, இது லிங்க்கிங் பிரச்சினையா?

போஸ்ட் பிரச்சினை, இல்லன்னா கையால எழுதுன வரி. ஜி90ல (வொர்க் பூஜ்யத்துல இருந்து அளக்குற மோட்) இருக்கும்போது ஜி28 (ஹோமுக்குப் போற கோட்) இசட் 0ன்னு எழுதுனா மெஷின் முதல்ல வொர்க் இசட் 0க்கு ரேபிட்ல போகும், அதாவது ஜாப் மேல்பரப்புக்கு, அப்புறம்தான் ஹோமுக்குப் போகும். ஜி91 ஜி28 இசட் 0ன்னு இருக்கணும் (ஜி91 இப்போ நிக்கிற இடத்துல இருந்து அளக்கும்), அடுத்த வரில மறக்காம ஜி90. ஜி53 (மெஷினோட சொந்த அளவுல போற கோட்) போட்டு எழுதுற போஸ்ட் இருந்தா இந்தக் குழப்பமே இல்ல. புது போஸ்ட் வாங்குனா முதல்ல நான் பாக்குற வரி இதுதான்.

3டி ஃபினிஷிங்ல பாஸ் மாறுற இடத்துல கோடு கோடா தெரியுது.

ஒவ்வொரு பாஸுக்கும் தூக்கி இறக்குனா அந்த இறங்குன புள்ளியெல்லாம் வரிசையா நின்னு கோடா தெரியும். பாஸை மேற்பரப்பு மேலயே வளைவா இணைக்கிற மாதிரி போடுங்க, செங்குத்தான சுவருக்கு விடாம இறங்கிட்டே போற ஸ்பைரல் மாதிரி பாதை இருந்தா இணைப்புங்கிறதே இல்ல. முன்ன பின்ன ரெண்டு பக்கமும் வெட்டுற பாதைல ஒரு பாஸ் கிளைம்ப், அடுத்தது கன்வென்ஷனல் (கிளைம்ப்புக்கு எதிர் திசை), டூல் வளையுற பக்கம் மாறும். அச்சுக்கு பாலிஷ் குறையணும்னா நேரம் ஆனாலும் ஒரே திசை.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?

ஃப்யூஷன்ல மஞ்சள் ரேபிட், பச்சை லீட், சிவப்பு ராம்ப், நீலம் வெட்டு. நீலத்தை விட்டுடுங்க, அது பெரும்பாலும் சரியா இருக்கும். மஞ்சள் கோடு எதாவது மாடலுக்குள்ளயோ கிளாம்ப்புக்குள்ளயோ நுழையுதான்னு சைடு வியூல பாருங்க. சிவப்பு எங்க ஆரம்பிக்குது, அங்க இறங்க இடம் இருக்கான்னு பாருங்க. பச்சை இல்லாம நீலம் நேரா ஆரம்பிக்கிற இடம் இருந்தா லீட்-இன் கழண்டு போயிருக்குன்னு அர்த்தம். ஹோல்டரை (டூலைப் பிடிச்சிருக்கிற பாகம்) டூல் லைப்ரரில சேருங்க, வெறும் டூலை மட்டும் வச்சு சிமுலேஷன் பாத்தா ஆழமான பாக்கெட்ல ஹோல்டர் இடிக்கிறது தெரியவே தெரியாது.

மெஷின்ல முதல் பீஸுக்கு இசட் ஆஃப்செட்டை 50 மிமீ மேல தூக்கி ஒரு தடவை காத்துல ஓட்டுங்க. அப்புறம் ஆஃப்செட்டைத் திருப்பி வச்சு, ரேபிட் 25 சதவீதம், சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரிக்கும் நின்னு ஓடுறது) ஆன், முதல் தடவை இறங்கும்போது கை ஃபீட் ஹோல்ட் மேல, கண்ணு டிஸ்டன்ஸ்-டு-கோ மேல. டூல் ஜாப்புக்கு மேல 10 மிமீல நிக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியுது, ஸ்கிரீன்ல இன்னும் 40 போகணும்னு காட்டுதுன்னா நிறுத்திடுங்க, டூல் லெங்த்தோ வொர்க் ஆஃப்செட்டோ தப்பு.